நூற்றுப் பதினொன்று, மீதி ஒன்று

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள் சார். பட்டால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, பலகை முக்கால் அங்குலம். ஆனால் உள்ளே இருப்பது சூடியூர் ரயில்வே ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷன்மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்கே நன்றாக இருக்காது.

சிரிக்கிறீர்கள். கண்டக்டரும் சிரித்தார். மானாமதுரையில் ஏறும்போது, “என்ன பெரியவரே, மூணடி நீளத்துக்கு?” என்று கேட்டார். ஸ்டேஷன் என்றேன். “ஸ்டேஷனையே தூக்கிட்டு வந்துட்டா ரயிலு எங்க நிக்கும்?” என்றார். பதினொரு பேர் சிரித்தார்கள். டிரைவரைச் சேர்த்தால் பன்னிரண்டு.

ரயிலிலேயே போயிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். போகலாம். ஏறி உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்ப்பேன். பார்த்தால் குறை எழுத ஆரம்பித்துவிடுவேன். பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. இந்தச் சாலைக்கு அளவு என்று ஒன்று இருந்தால்தானே குறை எழுதுவதற்கு.

நான் பேசுகிறவன் இல்லை சார். நான்கு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று பேச்சு வருகிறது, காரணம் இந்தச் சட்டைப் பையில் இருக்கிற காகிதம். பரமக்குடியில் ஒரு அம்மாவிடம் கொடுக்க வேண்டியது. உலகத்தில் என் அளவில் ரயில் கட்டுகிறவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் அந்த அம்மா. காகிதத்தைப் படித்துவிட்டு அவரும் போய்விட்டால் மிச்சம் ஒருவன். கணக்கு அவ்வளவுதான்.

அளவு என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இருநூற்று முப்பத்தோரு பேர் இருக்கிற எங்கள் பொம்மை ரயில் சங்கத்தில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

நான் ரயில்வேயில் கீமேன். அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். தோளில் சுத்தியல், கையில் சிவப்புத் துணி, தினமும் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தின் மேலேயே நடை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கிற இரும்பு ஆப்பு தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுக் கம்பி வைத்துப் பார்க்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம். படித்தது எட்டாவது. எட்டாவது படித்தவனை இன்ஸ்பெக்டர் முன்னால் பேசச் சொன்னால் எப்படிப் பேசுவான்? நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். எந்த இடம், என்ன குறை, எத்தனை மில்லிமீட்டர். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

அப்போது எங்கள் பக்கம் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு வாட்ச் ரிப்பேர் ஷேக் தாவூத் கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். அவருடைய மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்திருந்தார். விரல் நீளத்தில் எஞ்சின், வட்டமாகத் தண்டவாளம். கடையில் எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். பையில் இருந்த ஸ்கேலை வைத்தால் ஒன்பது மில்லிமீட்டர். ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தேன். நூற்றுப் பதினொன்று, மீதி ஒன்று. அதாவது அந்தத் தண்டவாளத்தை நம் மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் நூற்றுப் பதினொரு அடி இருப்பது பொம்மையில் ஒரு அடி. ஸ்டேஷன், மரம், மனிதன், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் அதே வகுத்தல். அதுதான் சார் அளவு.

அந்த மீதி ஒன்று என்னைப் பத்து நாள் தூங்கவிடவில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. பிறகு, ஒரு மில்லிமீட்டர்தானே, ரயில்வேயே பொறுத்துக்கொள்ளும் என்று நானும் பொறுத்துக்கொண்டேன். நான் விட்டுக்கொடுக்காதவன் என்று சொல்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

அந்த அளவில் நாங்களே ரயில் கட்ட ஆரம்பித்தபோது மூன்று பேர். எஞ்சினுக்கு மோட்டார் வைப்பது ஷேக் தாவூத். பெட்டி செய்வது டிராயிங் மாஸ்டர் சவரிமுத்து. தகரத்தை வெட்டி ஜன்னலுக்குக் கம்பிகூட வைப்பார், ஆறு கம்பி. தண்டவாளமும் கட்டடமும் நான். அவர்கள் செய்து முடித்ததைப் பார்த்து நான் சீட்டுக் கொடுப்பேன். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை சார். யாரையும் முகம் பார்த்து ஒரு குறை சொன்னதில்லை. எல்லாம் சீட்டுதான். நம்பர் போட்டு, தேதி போட்டு.

நான்காவது வருடம் ஷேக் தாவூத் நின்றுவிட்டார். அறுபத்து மூன்றாவது சீட்டு கொடுத்த மறுநாள். கண் மங்கிவிட்டது என்றார். பாவம். கண் மங்கிய மனிதர் இன்றைக்கும் லேடீஸ் வாட்சுக்கு முள் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இது பார்த்திபனூர். கூட்டம் ஏறும். பெட்டிப் பக்கம் கொஞ்சம் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வருடம் வந்தது பாருங்கள், வளர்ச்சி. கோயம்புத்தூரில் ஒருவர் கம்ப்யூட்டரில் படம் போட்டு மிஷினில் பெட்டி அச்சடிக்க ஆரம்பித்தார். இட்லி ஊற்றுகிற மாதிரி. சாயங்காலம் வைத்தால் காலையில் பெட்டி. அவருடைய அளவு நூற்றிருபது. ஏன் நூற்றிருபது? வெளிநாட்டில் அந்த அளவில் ஆட்கள், மரங்கள், விளக்குக் கம்பங்கள் எல்லாம் செய்ததாகவே கிடைக்கிறதாம். கிடைக்கிறது என்பதற்காக ஒரு அளவு. செருப்புக் கடையில் ஏழாம் நம்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊரே காலை வெட்டிக்கொண்ட மாதிரி.

தண்டவாளம் மட்டும் அதே ஒன்பது மில்லிமீட்டர். இப்போது நீங்களே பெருக்குங்கள். ஒன்பது பெருக்கல் நூற்றிருபது. ஆயிரத்து எண்பது. பார்த்தீர்களா? எட்டு சென்டிமீட்டர் அகலம் கூடிவிட்டது. நான்கு விரல் சார்! என் செக்‌ஷனில் இடைவெளி நான்கு விரல் விரிந்திருந்தால் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு எதிரே ஓடியிருப்பேன். இங்கே அதற்குப் பெயர் முன்னேற்றம்.

சவரிமுத்து மாஸ்டரும் அந்த நூற்றிருபதுக்கு மாறி, சங்கம் வைத்தார். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர். அடுத்த வருடம் பத்தொன்பது. பிறகு நாற்பத்தாறு, எண்பத்தெட்டு, நூற்றெட்டு, நூற்று எழுபத்து நான்கு, கடைசியாக இருநூற்று முப்பத்தொன்று. எண்ணியது யார்? நான்தான். ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று எண்ணுவேன். யாரும் கேட்கவில்லை. சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சடிக்கிறார்களே, அந்த எண்ணிக்கை என்னுடையது. ‘நமது அளவின் அபார வளர்ச்சி’ என்று தலைப்பு. அந்த இருநூற்று முப்பத்தோரு பேரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ணினேன். அதை அச்சடிக்கவில்லை. நான்கு.

போன வருடக் கூட்டம் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒவ்வொருவரும் தன் ஊரை ஒரு மேஜையில் கட்டிக்கொண்டுவர வேண்டும். மேஜைகளை வரிசையாகச் சேர்த்து ஒரே லைன் ஆக்கி, ஒரு வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுவார்கள். அதுதான் வழக்கம். அறுபத்து நான்கு மேஜை. என் சூடியூர் நாற்பத்தொன்றாவது. பத்து மணிக்குத் திறப்பு விழா. நான் ஆறு மணிக்கே போய்விட்டேன்.

லைன் போட்டால் வண்டி விடுவதற்கு முன்னால் கீமேன் நடக்க வேண்டாமா? நடந்தேன். கையில் பித்தளையில் அராவிய சின்ன அளவுக் கம்பி. ஒன்பதுக்கு ஒரு மயிரிழை கூடினாலும் விழுந்துவிடும். விரிந்த இடம், ஆடுகிற இடம், இணைப்பு ஏறி இறங்கின இடம் எல்லாவற்றிலும் சிவப்புத் துணி நட்டேன். ஊசியில் கோத்த நகத்தளவு துணி, வீட்டிலேயே வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். நாற்பது கொண்டுபோனேன். முப்பத்தெட்டு செலவாயிற்று. சூடியூரில் ஒன்றும் நடவில்லை. நட வேண்டிய அவசியம் இல்லை.

பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். லைன் முழுக்கச் சிவப்புக் கொடி. மாஸ்டர் ஓடிவந்தார்.

“கீமேன் அண்ணே, என்னண்ணே இது?”

சீட்டைக் கொடுத்தேன். ‘லைன் தகுதியில்லை. 38 இடம்.’

“அண்ணே, இது வெளாட்டு. உள்ள யாரும் உக்காந்து போகல. எல்லாம் பிளாஸ்டிக்கு ஆளு.”

இன்னொரு சீட்டு எழுதினேன். ‘பிளாஸ்டிக் ஆளும் ஆள்.’

படித்துவிட்டு மாஸ்டர் என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் என்றால் எனக்குப் புரியும். இது கோபம் இல்லை.

“பதினோரு வருசம் ஆச்சுண்ணே. ராத்திரி பகலா தகரத்த வெட்டிக் கையெல்லாம் கிழிஞ்சு உங்ககிட்டதான மொதல்ல கொண்டாந்து காட்டுனேன்? ‘நல்லாருக்கு மாஸ்டர்’னு ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு குடுத்திருக்கீங்களா? எண்ணித்தான வச்சிருப்பீங்க? சொல்லுங்க, எத்தன?”

பையைத் துழாவினேன். கையில் சீட்டுத் தீர்ந்துவிட்டது.

அவர் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முப்பத்தெட்டையும். வண்டியை விட்டார்கள். அவர்களுடைய நூற்றிருபது வண்டி, எட்டுப் பெட்டி. சொன்னால் நம்பமாட்டீர்கள், நாற்பது மேஜை விழாமல் வந்தது. விரிந்த இடத்தில் வந்தது, ஆடின இடத்தில் வந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் கைதட்டல். நாற்பத்தொன்றாவது மேஜை. சூடியூர். பிளாட்பாரத்தில் எஞ்சின் நுழைந்தது, ஏறியது, சாய்ந்தது. எட்டுப் பெட்டியும் பின்னாலேயே.

இதில் என் பிழை எங்கே இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் தண்டவாளம் விரிந்து விரிந்து, அதற்கு ஏற்ற மாதிரி சக்கரத்தையும் அகலமாகவே வைத்துப் பழகிவிட்டார்கள். சரியான இடத்துக்கு வந்ததும் விழுந்துவிட்டது. நாற்பது தப்பைத் தாண்டி வந்த வண்டி ஒரு சரியில் விழுகிறது என்றால் அது யாருக்கு அவமானம்? மண்டபமே சிரித்தது. யாருக்கு அவமானம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம். நான் குனிந்து அளந்து பார்த்தேன். ஒன்பது. அப்பழுக்கில்லாத ஒன்பது. ஒருவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து கடிதம். ‘இனி வரிசையில் நூற்றிருபது அளவு மட்டுமே சேர்க்கப்படும். தங்கள் சூடியூர் நிலையத்தை முகப்பில் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க விரும்புகிறோம்.’ கண்ணாடிப் பெட்டி சார். ஐஸ் பெட்டி என்று எழுதாத குறை.

மாஸ்டர் போனும் பண்ணினார். “அண்ணே, ஒரு ஆணிகூட நீங்க மாத்த வேணாம். சக்கரத்தை நாங்க சரி பண்ணிக்கிறோம். அட்டையில நூத்திருபதுன்னு மட்டும் எழுதிக்கங்க. யாரு அளக்கப்போறா?”

யார் அளக்கப்போகிறார்! அங்கே அளக்கிறவன் நான் ஒருவன்தான். என்னிடமே கேட்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் மாஸ்டருக்குக் கொடுத்த சீட்டு நானூற்றுப் பன்னிரண்டு. அவர் கேட்ட மாதிரிச் சீட்டு ஒன்றும் இல்லை. இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். இல்லை. நன்றாக இருப்பதற்கு எதற்கு சார் சீட்டு? நன்றாக இருந்தால் வண்டி போய்விடும். அதுதான் சீட்டு. முப்பத்து மூன்று வருடம் நான் நடந்த ஆறு கிலோமீட்டரில் ஒரு வண்டி விழவில்லை. ஒரு நாள், ஒரு அதிகாரி, ‘கீமேன், நல்லா இருக்குய்யா’ என்றாரா? நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடமும் எதிர்பார்க்கவில்லை.

சரி, அதை விடுங்கள். நான்கு மாதம் முன்னால் போன் வந்தது.

“கீமேன் ஐயாங்களா? பரமக்குடியிலருந்து மரகதவல்லி பேசுறேன்யா. மாவு மில்லு வச்சிருக்கேன். வண்டி விழுந்த வீடியோவுலதான்யா உங்களப் பார்த்தேன். எல்லாரும் வண்டியப் பார்த்துச் சிரிக்கிறாக. நீங்க மட்டும் குனிஞ்சு தண்டவாளத்த அளக்குறீக. யாருய்யா இவரு, இவருகிட்டல்ல கேக்கணும்னு நம்பரத் தேடிப் புடிச்சேன்.”

ம் என்றேன்.

“எங்கப்பா பரமக்குடி ஸ்டேஷன்ல போர்ட்டரா இருந்தாருய்யா. அந்த ஸ்டேஷனத்தான் மில்லுக்குப் பின்னாடி ரூம்ல கட்டுறேன். அவரு ஆறடி ஆளு. நூத்திருபதுல செஞ்சு நிப்பாட்டுனேன், குட்டையாயிட்டாரு. வண்டிக்குப் பக்கத்துல நின்னா அவரு இவ்வளவுதான் இருப்பாருன்னு எனக்குத் தெரியாதாய்யா? அப்புறந்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணேகால் மில்லி கொறையுது.”

கணக்குப் போட்டாராம் சார். நானும் அங்கேயே போட்டுப் பார்த்தேன். ஆறடி, ஆயிரத்து எண்ணூற்று முப்பது மில்லிமீட்டர். நூற்றுப் பதினொன்றால் வகுத்தால் பதினாறரை. நூற்றிருபதால் வகுத்தால் பதினைந்தேகால். வித்தியாசம் ஒன்றேகால். சரியாகத்தான் சொல்கிறார்.

பதினாறு நிமிடம் பேசினார். நான் இருபத்திரண்டு முறை ம் என்றேன். அவர் வைத்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்ச் சூடியூரைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய நாள் இல்லை. வியாழக்கிழமைதான் துடைக்கிற நாள்.

வளர்ச்சி என்கிறார்களே. ஒன்றிலிருந்து இரண்டு. நூற்றுக்கு நூறு. அவர்கள் ஏழு வருடத்தில் ஒரு வருடமாவது காட்டியிருப்பார்களா என்றால், ஆமாம், ஆரம்பத்தில் இரண்டு வருடம் காட்டினார்கள், ஏழு பத்தொன்பதானது, பத்தொன்பது நாற்பத்தாறானது. பொய் சொல்லக் கூடாது.

பிறகு தபாலில் நான்கு போட்டோ அனுப்பினார். ‘பார்த்துட்டுச் சொல்லுங்கய்யா’ என்று பின்னால் எழுதியிருந்தார். மூன்று நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதுதான் இந்தக் காகிதம். பிரிக்கிறேன், பாருங்கள். இருபத்தேழு குறை. ஒன்று, தண்டவாளம் முழுக்க மாவு. நான்கு, விளக்குக் கம்பம் இடது பக்கம் சாய்வு. பதினொன்று, தண்ணீர்க் குழாய் நிஜத்தில் புளியமரத்துக்கு அந்தப் பக்கம். பத்தொன்பது, போர்ட்டர் பிளாட்பார விளிம்புக்கு மிக அருகில் நிற்கிறார். இருபத்தேழு, போட்டோ கோணலாக எடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் சரி சார். ஒன்றைக்கூட எடுக்க முடியாது. பஸ் ஏறினதிலிருந்து எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டுதான் வருகிறேன்.

சூடியூருக்கு அடுத்தது பரமக்குடிதானே. என் ஸ்டேஷனைக் கொண்டுபோய் அவர் ஸ்டேஷனோடு சேர்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி விடுவதாகப் பேச்சு. பேச்சு என்றால், அவர் பேசினார், நான் ம் என்றேன். போய் நின்றதும், ‘எப்படிய்யா இருக்கு?’ என்று கேட்பார். கேட்கத்தானே செய்வார். நான் இதை நீட்ட வேண்டும். அவர் படிப்பார். மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆனதே, அதே மாதிரி ஆகுமோ, ஆகாதோ. முன்கூட்டி அளந்து பார்க்க அதற்கு ஒரு கம்பி இல்லை.

அதோ, எமனேஸ்வரம் திரும்புகிற பலகை வந்துவிட்டது. ஊர் வந்துவிட்டது சார்.

காலையில் ஷேவிங் கண்ணாடி முன்னால் நின்று, ‘நல்லாருக்கும்மா’ என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று முறை. முதல் இரண்டும் கேட்கிற மாதிரி இல்லை. மூன்றாவது பரவாயில்லை.

ஒரு உதவி செய்யுங்கள். பெட்டியின் அந்த முனையைப் பிடித்துப் படிவரை வாருங்கள். சாய்க்காமல். அங்கிருந்து நான் தூக்கிக்கொள்வேன், எனக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் இந்தக் காகிதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எல்லாம் சரியான குறை. பத்தொன்பதாவது மட்டும் எனக்குக் காகிதம் இல்லாமலே நினைவிருக்கும். முதலில் காலையில் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, பிறகு அதை வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன். அவர் அப்பா விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி நிற்கட்டும். நிஜத்தில் ஒரு சாண்.

வண்டி வருகிற இடம் சார். சொல்லாமல் எப்படி விடுவது?